மரியாதையின் நீளம்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆங்கிலம் கற்கிறவர்களுக்கு எழும் சந்தேகங்களில் பல இலக்கணத்தைப் பற்றியவை போலத் தோன்றும். ‘டோன்ட்’ என்று எழுதலாமா, ‘டு நாட்’ என்றுதான் எழுத வேண்டுமா? ‘கேன் யூ’ என்றால் அதட்டலாகிவிடுமா, ‘குட் யூ பிளீஸ்’ என்றால்தான் பணிவா? விடுப்புக் கடிதத்தில் ‘ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ’ சரியா? பேச்சில் சுருக்கிக்கொள், கடிதத்தில் விரித்து எழுது என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் விடை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த விடை தவறில்லை. ஆனால் கேட்டவரின் கவலையை அது தொடவில்லை. அவர் கேட்பது இலக்கணத்தை அல்ல. எதிரில் இருப்பவர் தன்னை மரியாதை தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்பதுதான் அவருடைய பயம். அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: சொல் சுருங்கினால் மரியாதை குறையும், சொல் நீண்டால் மரியாதை கூடும். இந்த நம்பிக்கை தமிழ்ப் பேச்சிலிருந்தும் வரவில்லை, ஆங்கிலப் பேச்சிலிருந்தும் வரவில்லை. அலுவலகக் காகிதத்திலிருந்து வந்தது என்பதே என் வாதம். இரண்டு மொழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் பால்கோவா வாங்க வருகிறவர் ‘கால் கிலோ குடுங்கண்ணே’ என்கிறார். இதில் எத்தனை குறுக்கங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ‘கொடுங்கள்’ ‘குடுங்க’ ஆயிற்று. ‘அண்ணனே’ ‘அண்ணே’ ஆயிற்று. பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாயின. மரியாதையில் ஒரு துளியும் சிந்தவில்லை. பன்மை விகுதி ‘ங்க’வில் இருக்கிறது, உறவு ‘ண்ணே’யில் இருக்கிறது. ‘தயவுசெய்து’ என்ற சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை. அதைப் போட்டுக் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார், இவருக்கு ஏதோ கஷ்டமோ என்று. பேச்சுத் தமிழில் ‘தயவுசெய்து’ என்பது கையறு நிலையில் வரும் சொல், சில வேளை கோபத்தின் உச்சத்திலும் வரும்: ‘தயவுசெஞ்சு இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.’ சாதாரண வேண்டுகோளை மென்மையாக்கத் தமிழன் வைத்திருக்கும் சொற்கள் வேறு. ‘கொஞ்சம் நகருங்க’ என்கிறோம். கொஞ்சம் என்பது அங்கே அளவு இல்லை, கேட்கிறவருக்கு இருக்கும் தயக்கம். ‘சொல்லுங்களேன்’ என்கிறோம், அந்த ‘ஏன்’ கட்டளையை விருப்பமாக மாற்றிவிடுகிறது. ‘தர்றீங்களா’ என்று கேள்வியாக்குகிறோம். மறுப்பதற்கு ஒரு வாசல் திறந்து வைக்கப்படுகிறது. எதுவும் ஓரிரண்டு அசைக்கு மேல் நீளவில்லை.

இது நேற்று வந்த வழக்கமல்ல. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்று வினைகளையும் இரத்தல் சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவன் ‘ஈ’ என்பான், ஒத்தவனிடம் கேட்பவன் ‘தா’ என்பான், தாழ்ந்தவனிடம் கேட்கும் உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். பணிவைக் காட்ட வாக்கியத்தின் முன்னால் ஒரு தொடரை ஏற்ற வேண்டும் என்ற எண்ணமே அங்கே இல்லை. வினையே அந்த வேலையைச் செய்தது, அதிலும் பணிவு மிகுந்த வேண்டுகோள் ஓரெழுத்துச் சொல்லாக இருந்தது. இன்று பால்கோவாக் கடையில் ஒலிப்பது அந்த மூன்றில் மேலிருந்து கீழே பேசுகிறவனின் வினையான ‘கொடு’. ‘ங்க’ வந்து ஒட்டியதும் அதன் பழைய அதிகாரம் கழன்று, யாரும் யாரிடமும் கேட்கக்கூடிய சொல்லாகிவிட்டது. இலக்கணம் வகுத்த படிநிலையைப் பேச்சு ஒரு விகுதியால் தரைமட்டமாக்கியிருக்கிறது. தமிழ் மரியாதையின் வரலாற்றில் இதை ஒரு பெரிய நிகழ்ச்சியாகவே நான் எண்ணுகிறேன்.

அதே சொல்லதிகாரத்தில் இன்னொரு நூற்பா இதைவிடக் கூர்மையானது. ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வந்த உயர்சொல், அது இலக்கண நெறியில் சேர்ந்ததல்ல என்கிறார் தொல்காப்பியர். அதாவது, நாம் இன்று எழுத்துத் தமிழின் கண்ணியம் என்று கொண்டாடும் ‘நீங்கள்’, ‘அவர்கள்’ எல்லாம் பேசுகிறவர்களின் வாயிலிருந்து எழுத்துக்குள் ஏறியவை. மரியாதையைக் கண்டுபிடித்தது பேச்சு. எழுத்து அதைப் பின்னால் வாங்கிக்கொண்டது. அப்படியிருக்க, பேச்சில் சுருங்கிய வடிவம் மரியாதைக் குறைவு என்று எழுத்து தீர்ப்பு சொல்வது முறையாகாது. பவணந்தியும் நன்னூலில் இயல்பு வழக்கை மூன்றாகப் பிரித்தபோது இலக்கணமுடையது, இலக்கணப்போலி ஆகியவற்றோடு மரூஉவையும் அதே வரிசையில் வைத்தார். சிதைவு என்று ஒதுக்கவில்லை. தஞ்சாவூர் தஞ்சையானது போல ராஜபாளையம் ‘ராஜை’ ஆகியிருக்கிறது. பக்கத்து ஊரின் கதை இன்னும் சுவையானது. அந்தப் பெயரிலேயே ஒரு மரியாதை அடைமொழி இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை விட்டுவிட்டு ‘வில்லிபுத்தூர்’ என்கிறார்கள். செய்தித்தாள் நெடிய பெயரை வெட்டி ‘ஸ்ரீவி’ என்று அடைமொழியைப் பிடித்துக்கொள்கிறது. வில்லிபுத்தூர் என்று சொல்பவர் ஆண்டாளின் ஊரை இழிவுபடுத்தினார் என்று எவரும் சொல்ல மாட்டார்.

ஆங்கிலத்தின் பக்கம் போனால் அங்கும் இதே கதைதான். ‘பிளீஸ்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லே ‘உங்களுக்கு விருப்பமானால்’ என்ற நீண்ட தொடரின் எச்சம். ‘குட்பை’ என்பது ‘கடவுள் உம்மோடு இருப்பாராக’ என்ற வாழ்த்து தேய்ந்து நின்ற வடிவம். ஆங்கிலேயர் மிகப் பணிவானவை என்று கருதும் சொற்களே குறுக்கங்கள். ‘கான்ட்’, ‘ஷான்ட்’ போன்றவை அச்சில் பரவியபோது ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் ‘டாட்லர்’ இதழில் அவற்றைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அவர் கவலைப்பட்டது மொழி கெட்டுப்போகிறதே என்று, மரியாதை போகிறதே என்று அல்ல. முன்னிலைப் பெயர் போன பாதையும் கவனிக்கத் தக்கது. ‘தௌ’ நம்முடைய ‘நீ’. ‘யூ’ நம்முடைய ‘நீங்கள்’. காலப்போக்கில் எல்லாரும் எல்லாரையும் ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கி, ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து போய்ப் பெரும்பாலும் ஜெபத்தில் தங்கியது. இன்று அதைக் கேட்கிறவர்கள் ஏதோ மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்று நினைக்கிறார்கள். அது நெருக்கத்தின் சொல் என்பது மறந்துபோயிற்று.

நம்மவர்களின் தடுமாற்றம் சரியாக இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் இடையிலான வேறுபாட்டில் வளர்ந்தவர் ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் தலைமையாசிரியருக்கும் தம்பிக்கும் ஒரே ‘யூ’வைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மனம் ஒப்பவில்லை. வினையில் ஏற்ற முடியாத மரியாதையை வாக்கியத்தின் வேறு மூலைகளில் திணிக்கிறார். ‘சார்’ வாக்கியத்துக்கு வாக்கியம் வருவது அதனால்தான். அது அவருடைய ‘ங்க’. ராஜபாளையத்து ராஜுக்களின் வீட்டுத் தெலுங்கில் ‘அண்டி’ செய்யும் வேலையும் அதுவே. ஆகையால் இரண்டு தாய்மொழிக்காரர்களும் ஆங்கிலத்தில் ஒரே இடத்தில் தட்டுப்படுகிறார்கள். மேலதிகாரிக்கு எழுதும்போது ‘டியர் சார்’ எனத் தொடங்கக் கை வராமல் ‘ரெஸ்பெக்டட் சார்’ எனத் தொடங்குவதும் இந்த வகைதான்: நம் வழக்கில் அன்பு ஒத்தவருக்கும் இளையவருக்கும் உரியது, மேலே உள்ளவருக்கு உரியது மதிப்பு. இதை அறியாமை என்று நகைப்பவர்கள் மொழி எப்படி இயங்குகிறது என்பதைக் கவனியாதவர்கள். ஆனால் ‘ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ’ என்பது வேறு வகை. அதில் கருணை காட்ட வேண்டியவர் படிப்பவர். எழுதியவரோ கருணையைத் தன் செயலின் மேல் ஏற்றிவிடுகிறார். ‘தயவுகூர்ந்து கேட்டுக்கொள்கிறேன்’ என்ற தமிழ்த் தொடரிலும் அதே பிழை இருக்கிறது. யார் யாருக்குத் தயவு செய்வது என்று எழுதுகிறவர் யோசிக்கவில்லை. தயவு என்ற சொல் எங்காவது இருந்தால் போதும் என்று யாரோ அவருக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

கற்பித்தது மனு. தாலுகா அலுவலக வாசலில் எழுதப்படும் ஒரு மனுவை எடுத்துக்கொள்வோம். பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் ‘ஐயா அவர்கள் சமூகத்திற்கு’ என்று தொடங்கி, ‘ஏழையாகிய என்மீது கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிவதற்குள் சர்வே எண் எங்கோ நடுவில் தொலைந்திருக்கும். ‘ஆவன செய்யவும்’ என்பதன் ஆங்கில இரட்டைதான் ‘டு த நீட்ஃபுல்’. கம்பெனி, காலனி ஆட்சிக் கடிதப் போக்குவரத்தில் புழங்கி, பிரிட்டனில் வழக்கொழிந்த பிறகும் இங்கே தங்கிவிட்ட தொடர். அந்தக் காலக் காகிதங்களில் பெயருக்கு முன்னால் ‘மகாராஜ ராஜஸ்ரீ’ என்று போட வேண்டும். பின்னால் தமிழராயின் ‘அவர்கள்’, தெலுங்கராயின் ‘காரு’. எல்லாப் பெயருக்கும் இதை எழுதி மாளாது. ஆகவே சென்னை மாகாண அரசே அதை ‘ம.ரா.ரா.ஸ்ரீ’ என்று சுருக்கியது. நீளமான மரியாதை எவருடைய மனதிலும் முழுதாக நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மகாராஜாவையே மூன்று புள்ளிகளுக்குள் அடக்கிவிட்டார்கள். ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா 1949இல் பதவியேற்றபோது அந்தப் பதவியின் பெயர் மாகாணப் பிரதமர். 1950 ஜனவரி 26க்குப் பிறகு முதலமைச்சர். அதே நாளில் மனு எழுதுகிறவர் குடிமகன் ஆனார். 1967க்குப் பிறகு அண்ணாவின் அரசு ஸ்ரீ, ஸ்ரீமதியை விலக்கித் திரு, திருமதியைக் கொண்டுவந்தது. பட்டங்கள் மாறின; கேட்கும் குரல் மாறவில்லை.

நெருக்கமான சொல்லும் குறுகிய பெயரும் மரியாதைக்கு எதிரி இல்லை என்பதை முதன்முதலில் யோசித்தவர்களில் ஒருவர் இந்த மண்ணின் மகள். திருப்பாவையின் 28ஆம் பாசுரத்தில் ஆயர் சிறுமிகள் கண்ணனிடம், அறியாப் பிள்ளைகளாகிய நாங்கள் அன்பினால் உன்னைச் சிறிய பெயர்களால் அழைத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே என்கிறார்கள். நம் ஆங்கில மாணவரின் கேள்வியேதான் அது: சுருக்கி அழைத்தால் தப்பாகுமா? கவனிக்க வேண்டியது, அந்த மன்னிப்பைக் கேட்கும் பாட்டிலேயே அவனைக் ‘கோவிந்தா’ என்றும் ‘நீ’ என்றும்தான் ஆண்டாள் அழைக்கிறாள். எது சிறிய பெயர் என்று கேட்டு வைணவ உரைமரபு சொல்லும் விடை வியப்பானது: கோவர்த்தன மலைக்குப் பின் கோவிந்தன் என்று முடிசூட்டப்பட்டவனை ‘நாராயணன்’ என்று அழைத்ததே சிறுபேர் என்கிறார்கள். மாடு மேய்க்கிறவர்களோடு சேர்ந்து நிற்கும் பெயர் பெரிது, பிரபஞ்சத்தின் தலைவன் என்ற பெயர் சிறிது. அவளுடைய தகப்பனார் பெரியாழ்வாரோ இறைவனுக்கே ‘பல்லாண்டு’ சொல்லும் அளவுக்கு உரிமை எடுத்துக்கொண்டவர். நம் பக்திமரபு முழுவதும் கடவுளை ‘நீ’ என்கிறது. மனுவோ தாசில்தாரைச் ‘சமூகம்’ என்கிறது. மரியாதையின் நீளம் மதிப்பின் அளவு என்று யாராவது சொன்னால், இந்த ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. மரியாதைச் சொல் மறுக்கப்பட்டவர்கள் இதே மாவட்டத்தில், இதே தெற்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். நரைத்த தலையோடு இருந்தவரை ஆதிக்க சாதி வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிட்டான்; அவர் அவனைச் ‘சாமி’ என்றார். அப்படிப்பட்ட ஊரில் மரியாதைத் தொடர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசிப்பது, ஏற்கெனவே நிறையக் கிடைத்தவர்களின் அலட்சியமாகாதா? ஆகும், எல்லா மரியாதையும் ஒன்றே என்று கொண்டால். ஆனால் போராடிப் பெற்றது எது என்று பார்க்க வேண்டும். சுயமரியாதை இயக்கமும் தலித் அரசியலும் கேட்டது எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கிற ‘ங்க’வை, பெயருக்கு முன்னால் ‘திரு’வை. ‘தாழ்மையுடன்’ என்ற சொல்லை எவரும் போராடிப் பெறவில்லை, அது சுமத்தப்பட்டது. இரண்டும் மரியாதை என்ற ஒரே பெயரில் உலவுவதால் குழம்புகிறோம். ஒன்று திரும்பி வரும், மற்றது திரும்பி வராது. நான் ‘வாங்க’ என்றால் நீங்களும் ‘வாங்க’ என்பீர்கள். நான் ‘தாழ்மையுடன்’ என்று எழுதினால் நீங்கள் அதே சொல்லில் எனக்குப் பதில் எழுத மாட்டீர்கள். பக்கம் பக்கமாகப் பணிந்து எழுதிய மனுவோடு வரிசையில் நிற்கும் கிழவியிடம் ‘என்னம்மா வேணும் உனக்கு’ என்று ஒருமையில் கேட்பது நம் அலுவலகங்களுக்குப் பழக்கமானது. அவள் எழுதித் தந்த நீளம் ஓர் அசையாகக்கூட அவளுக்குத் திரும்பவில்லை.

எழுத்துக்கென்று ஒரு கம்பீரம் வேண்டாமா, சட்ட ஆவணத்தில் ‘டோன்ட்’ என்று எழுத முடியுமா என்பது இன்னொரு கேள்வி. முடியாது, எழுத வேண்டியதும் இல்லை. ஆனால் காரணம் மரியாதை இல்லை, தெளிவு. பிரிட்டிஷ் அரசின் இணைய எழுத்துநடைக் கையேடு குறுக்கங்களைப் பொதுவாக அனுமதித்துவிட்டு, ‘கான்ட்’, ‘டோன்ட்’ போன்ற எதிர்மறைக் குறுக்கங்களைத் தவிர்க்கச் சொல்கிறது. பலருக்கு அவை படிக்கக் கடினம், நேர்மாறான பொருளில் படித்துவிடுகிறவர்களும் உண்டு என்பது அது சொல்லும் காரணம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் நம்மூர் மாணவருக்குச் சொல்ல வேண்டிய விடையும் இதுதான். ‘ஐ ஆம்’, ‘ஐ வில்’ இரண்டில் எதைச் சுருக்கினாலும் மின்னஞ்சல் பெறுகிறவர் புண்பட மாட்டார். ‘செய்யாதே’ என்பது ‘செய்’ என்று படிக்கப்படக் கூடாத இடத்தில் மட்டும் விரித்து எழுது. ‘குட் யூ’ என்று கேட்பது நல்லது, அது நீளம் என்பதால் அல்ல, ‘தர்றீங்களா’வைப் போல மறுக்க இடம் தருவதால்.

நீதிமன்றம் இந்தப் பாதையில் கொஞ்சம் நடந்திருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இந்திய வழக்கறிஞர் கழகம் 2006இல் தன் விதிகளைத் திருத்தி, காலனிக் காலத்து ‘மை லார்ட்’ வேண்டாம், கீழமை நீதிமன்றங்களில் ‘சார்’ அல்லது அந்தந்த மொழியில் அதற்கு இணையான சொல் போதும் என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு தன்னை அப்படி அழைக்க வேண்டாம் என்று வழக்கறிஞர்களிடம் கேட்டுக்கொண்டார். 2014இல் உச்ச நீதிமன்றமும் மதிப்போடு அழைத்தால் போதும், ‘மை லார்ட்’ கட்டாயமில்லை என்றது. ஆனாலும் அந்தச் சொல் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. கட்சிக்காரரின் வழக்கு கையில் இருக்கும்போது எந்த வழக்கறிஞரும் சொல்லைக் குறைத்துப் பரிசோதிக்கத் துணிய மாட்டார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனு எழுதுகிறவரின் நிலையும் அதுவே. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காரணம்கூடச் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும் என்று 6(2)ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிறது. இருந்தும் அந்த மனுக்களில் ‘தாழ்மையுடன்’ நுழைந்துவிடுகிறது, விட்டால் வேலை நடக்காதோ என்ற பயத்தில். கீழே இருப்பவரிடம் போய்த் துணிந்து சுருக்கமாக எழுது என்று சொல்வது நியாயமில்லை. அவர் இழக்கப்போவது அதிகம்.

ஆகவே மாற வேண்டிய காகிதம் மேலிருந்து வருவது. தமிழக அரசின் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ஒரு கோபுரம் இருக்கிறது. அது மதுரை மேற்குக் கோபுரம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு; பரவலாக அறியப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றே. அதன் அடியில் அச்சாகி வரும் பதில் இப்படி இருக்கிறது: ‘பார்வையில் கண்ட மனு பரிசீலிக்கப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்படும் எனத் தெரிவிக்கப்படுகிறது.’ பரிசீலிப்பது யார், எடுப்பது யார், எப்போது, ஒன்றும் இல்லை. விளிக்கப்படும் ஆளும் இல்லை. மனுதாரர் என்ற படர்க்கை மட்டும் இருக்கிறது. அவ்வளவு நீளத்தில் ஒரு ‘நீங்கள்’ கிடையாது. அதே இடத்தில் ராஜபாளையம் வட்டாட்சியர் அலுவலகம் எழுதக்கூடியது: ‘அம்மா, உங்கள் மனு கிடைத்தது. பட்டாவில் பெயர் மாற்ற உங்கள் கணவரின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் இதில் இல்லை. வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவாருங்கள். வர முடியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள்.’